வண்டியை உயர்த்துமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2021ஆம் ஆண்டு வாங்கிய, 18 அங்குலச் சக்கரங்கள் கொண்ட மஹிந்திரா தார் டீசல் வண்டி எங்களிடம் இருக்கிறது. தோப்புக்குப் போகும் மண்பாதையில் டிராக்டர் ஓடி ஓடித் தடம் ஆழமாகிவிட்டதால், நடுவிலுள்ள மேடு பின் அச்சின் உருண்டையில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்) தட்டுகிறது. ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் என்ற தடித்த வளையம் வைத்து மூன்று அங்குலம் உயர்த்தினால் தட்டாது என்கிறார்கள் பட்டறையில். வாரந்தோறும் சேலத்துக்கும் இதே வண்டியில்தான் போய் வருகிறோம். செய்யலாமா?
– வாசகர், அஞ்செட்டி

பதில்: வேண்டாம். உங்கள் சிரமத்தை அந்த வேலை தீர்க்காது. இந்த வண்டியின் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குபவை. முன் டிஃபரன்ஷியல் மேலே சேசிஸோடு பிணைந்திருப்பதால், வண்டி உயர்ந்தால் அதுவும் உயரும். பின்பக்கம் அப்படியல்ல. அங்கே இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு. காயில் ஸ்பிரிங்குகள் அந்த அச்சுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடியும் சேசிஸும்தான் மேலே போகுமே தவிர, மேட்டில் தட்டும் அந்த உருண்டை தரையிலிருந்து இப்போதுள்ள உயரத்திலேயேதான் நிற்கும்.

அதை உயர்த்தக்கூடியது டயரின் விட்டம் மட்டுமே; அதிலும் கூடுகிற விட்டத்தில் பாதிதான் கிடைக்கும். உங்கள் வண்டியோடு வந்த 255/65 ஆர்18 டயரின் விட்டம் ஏறத்தாழ 789 மில்லிமீட்டர், 265/70 ஆர்18 டயரின் விட்டம் ஏறத்தாழ 828 மில்லிமீட்டர் என்பதால், மாற்றினால் உருண்டை சுமார் 20 மில்லிமீட்டர் மேலே வரும். பெரிய டயர் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது எங்கும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 63 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். இதற்கெல்லாம் முன்பாக, இரண்டு டிராக்டர் கிராவல் மண் அடித்து அந்தத் தடங்களை நிரப்பிப் பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன். செலவு குறைவு, பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் உதவும்.

ஓடைக்கரையில் இறங்கி ஏறும்போது பம்பரோ சேசிஸோ இடிக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அந்த இடைஞ்சலுக்கு சஸ்பென்ஷன் உயர்வு உண்மையிலேயே பயன் தரும். அப்போதும் ஒன்றரை அல்லது இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதும், வெறும் ஸ்பேசரை விட ஒன்றுக்கொன்று பொருத்தமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கிட்டைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது. முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு அங்குல ஸ்பேசர் வைத்தால் வண்டியும் ஒரு அங்குலம் உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ட்ரட், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க்கையின் நடுப்பகுதியில் ஊன்றியிருப்பதால், அக்கையின் நுனியில் உள்ள சக்கரத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு அங்குலமாகப் பெருகும். இது தெரியாமல் தடிமனான ஸ்பேசரை வைக்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு சாய்ந்த கோணத்திலேயே சுழன்று, அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மூட்டும் வீணாகிறது. பின்பக்கம் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு கம்பி, உயரம் கூடக் கூட அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். நீளத்தைச் சரிசெய்யக்கூடிய கம்பி போட்டால்தான் அச்சு நடுவுக்கு வரும். பின்சக்கரங்கள் இரண்டும் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்பதை வண்டியை ஜாக்கியில் தூக்கி உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்டும், ஹெட்லைட் ஒளியைக் கீழிறக்குவதும் கட்டாயம் செய்யப்பட வேண்டும். இவ்விரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சேலத்துக்குப் போகிறோம் என்கிறீர்கள். தருமபுரி வழியாகப் போனால் தொப்பூர் கணவாய் இறக்கத்தைத் தவிர்க்க முடியாது. லாரிகளுக்கு நடுவே, வளைந்து இறங்கும் அந்தச் சாலையில் முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றால் ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்ப வேண்டிவரும்; எடைமையம் மேலே ஏறிய வண்டி அந்தக் கணத்தில் இப்போதைய வண்டியைவிட எளிதாகச் சாயும். தோப்புப் பாதையில் மாதம் சில நாள் கிடைக்கும் வசதிக்காக, குடும்பத்தோடு செல்லும் நெடுஞ்சாலைப் பயணத்தின் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இப்படி உயர்த்துவதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: தாராளமான இடம் இல்லை. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி விபத்து இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

கேள்வி: பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றும் பொலேரோ பிக்கப்பில் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்க்கலாமா, பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக மாட்டலாமா?
– வாசகர், மாரண்டஅள்ளி

பதில்: முதலில் பழைய பட்டைகளைக் கழற்றி, வளைவு தளர்ந்திருக்கிறதா, விரிசல் உண்டா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் செட்டையே மாற்றுவதுதான் முறை. ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலமே உயரும். அதோடு அச்சும் சற்றுத் திரும்பிவிடுவதால் பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் அதிர்வு வரலாம். கூடுதல் பட்டை பாரத்தைத் தாங்கும் என்றாலும், பாதி பாரத்தோடு ஓடும்போது வண்டி குதித்து அடிப்பெட்டித் தக்காளியை நசுக்கும்.

சில பிக்கப்களில் பாரத்துக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேசிஸில் இருந்து, ஒரு கம்பியால் பின் அச்சோடு இணைந்திருக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் பாரம் ஏறியிருந்தும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பின்பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால், உயர்த்திய பின் அதைத் திரும்பச் சரிசெய்யாமல் பாரம் ஏற்றாதீர்கள். பட்டைகளை அச்சோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டுகளை மறுபடி மாட்ட விடாமல் புதியவை வாங்கிக் கொடுங்கள். பட்டை முனைகளின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளை வண்டி தரையில் முழு எடையோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள்.