கணக்கு வாத்தியாரிடம் கேளுங்கள்

கேள்வி: எங்கள் டீக்கடையில் தினமும் சண்டை. ‘தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 51 சதவீதம், பாதிப் பிள்ளைகள் காலேஜில்’ என்கிறார் ஒருவர். ‘47-க்கு விழுந்துவிட்டது, ஆட்சி சரியில்லை’ என்கிறார் இன்னொருவர். யார் புளுகுகிறார்?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: எண்ணில் புளுகு இல்லை தம்பி. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2019-20க்கு 51.4 என்றும், 2021-22க்கு 47 என்றும்தான் இருக்கிறது. எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டு அதன் தலையில் தப்பான வாக்கியத்தை ஏற்றுகிறார்கள்.

இந்த விகிதத்தில் மேலே இருப்பது கல்லூரியில் சேர்ந்த எல்லா வயதுக்காரர்களும். கீழே இருப்பது 18 முதல் 23 வயது மக்கள்தொகை மட்டும். நாற்பது வயதில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கும் பஸ் கண்டக்டரும் மேலே சேர்ந்துவிடுகிறார். ஆகவே ‘பாதிப் பிள்ளைகள்’ நிற்காது.

சரி, ‘விழுந்தது’? 2019-20 வரை கீழ் எண்ணை 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மதிப்பிட்டார்கள். அடுத்த அறிக்கையிலிருந்து 2011 கணக்குக்கு மாறினார்கள். இதனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியக் கணக்கைப் பாருங்கள். 2019-20க்கு முதலில் 27.1 என்றார்கள். அதே வருஷம், அதே மாணவர்கள், கீழ் எண் மட்டும் புதிது, 25.6 ஆகிவிட்டது. படியை மாற்றிப் போட்டு நெல் குறைந்தது என்றால் களத்தில் ஒத்துக்கொள்வார்களா? 51.4-ஐயும் 47-ஐயும் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று பேசவே முடியாது. 2021-22இல் இந்தியா 28.4, நாம் 47. இது ஒரே படியால் அளந்தது, தாராளமாகப் பேசலாம்.

கீழ் எண் மீது எனக்குச் சந்தேகம் வந்த கதை பழையது. திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் 52 பேர். பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில், அதாவது பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலில், 43 பேர். மிச்ச ஒன்பது பேரின் அப்பா அம்மாவை வரவழைத்து, ‘டுடோரியலில் சேர்த்து பிரைவேட்டாக எழுத வையுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். ரிசல்ட் அன்று வாசலில் ‘100% தேர்ச்சி’ பிளெக்ஸ். 43-க்கு 43, கணக்கு சரிதான். அந்த ஒன்பதில் ஒருவன் எதிர் ஒர்க் ஷாப்பில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே அந்த பிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: பள்ளியில் சோறு போட ஆரம்பித்தது காமராஜர் என்கிறார் அப்பா, எம்.ஜி.ஆர். என்கிறார் கணவர். தீர்ப்புச் சொல்லுங்கள்.
— வாசகி, சிம்மக்கல்

பதில்: இருவருக்கும் முன்பே, 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள். மாநிலத் திட்டமாக ஊர் ஊராகக் கொண்டுபோனவர் காமராஜர், 1956. சத்துணவு என்று பெரிதாக்கியவர் எம்.ஜி.ஆர்., 1982. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15 அன்று ஸ்டாலின் தொடங்கியது காலை உணவு. அது வேறு வேளை. அப்பா எந்த வருஷம் பள்ளியில் சாப்பிட்டார், கணவர் எந்த வருஷம் என்று கேட்டுப் பாருங்கள், சண்டை எங்கே கிளம்பியது என்று தெரிந்துவிடும். மாமனார் மருமகன் விவகாரத்தில் இதற்கு மேல் நான் வரமாட்டேன்.