மகன் வளர்ந்துவிட்டால் வரிக் கழிவு நின்றுவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 65 சதவீதம் என்று இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் சலங்கை கோர்க்கிறான், மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறார்கள். நான் ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். "18 வயசு தாண்டிய பிள்ளையைக் காட்டி வரி குறைக்க முடியாது" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். உண்மையா சார்?
- ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: உண்மை இல்லைம்மா. குறைபாடு உள்ள உறவினரைப் பராமரிப்பவர்களுக்குக் கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் வயது வரம்பே கிடையாது. பிள்ளைகள், கணவன் மனைவி, பெற்றோர், கூடப் பிறந்தவர்கள் எல்லாருக்கும் அது பொருந்தும். மனநலக் குறைபாடு உள்ள என் தங்கைக்காக நானே கழிவு எடுத்திருக்கிறேன். அவளுக்கு 41 வயது.

குறைபாடு 40 சதவீதம் இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதம் வந்தால் 1,25,000. செலவு கூடினாலும் குறைந்தாலும் தொகை மாறாது. அந்த 2,000 ரூபாயை நினைத்துப் பயப்படாதீர்கள். பிழைப்புக்குப் பெரும்பாலும் உங்களை நம்பித்தான் இருக்கிறான் என்றால் போதும். குறைபாடு உள்ளவர் தன் வருமானத்துக்குத் தானே எடுக்கும் 80யூ கழிவை அவன் பெயரில் கேட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. நிலையான கழிவு 50,000, சேமிப்புக்கான 80சி கழிவு முழுசாக 1,50,000, மகனுக்காக 75,000 எல்லாம் கழித்தாலும் 9,25,000 நிற்கும். வரி 1,01,400 ரூபாய். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை. உரிமை இருக்கிறது என்பதற்காக ஒரு லட்சத்தைக் கட்டிவிடாதீர்கள். நாளைக்குச் சம்பளம் ஏறி, வீட்டுக் கடனும் சேர்ந்தால் பழைய முறை லாபமாகலாம். சம்பளக்காரர்கள் வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால்.

அதுவரை சான்றிதழை உயிரோடு வைத்திருங்கள். பீரோவிலிருந்து எடுத்து, அடியில் மறுபரிசோதனைத் தேதி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் தங்கையின் சான்றிதழில் சின்ன எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை; ஒரு வருஷக் கழிவு போயே போச்சு. தேதி நெருங்கியிருந்தால் மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ப் புதுப்பியுங்கள். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் ஆதாரையும் கையோடு எடுத்துப் போங்கள்.