கரும்பொருளும் கூடுதல் ஹிக்ஸ் துகள்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஒளியோடு உறவாடாத கரும்பொருளை (ஈர்ப்பால் மட்டுமே அறியப்பட்ட புலப்படாப் பொருளை) மோதுவியில், அதாவது புரோட்டான்களை மோதவிடும் செர்னின் எல்எச்சி முடுக்கியில், எப்படிப் பார்க்கிறீர்கள்?

பதில்: அதைப் பார்ப்பதில்லை, அது கொண்டு சென்ற உந்தத்தைக் கணக்கிடுகிறோம். புரோட்டான்கள் கற்றையின் திசையில் வந்து மோதுவதால், அதற்குச் செங்குத்தான தளத்தில் மொத்த உந்தம் ஏறக்குறையச் சுழியாக இருக்க வேண்டும். ஒரு புறம் இசட் போசான் (மென் அணுக்கரு விசையைக் கடத்தும் துகள்) மட்டும் பாய, எதிர்ப்புறம் வெறுமையாக இருந்தால், தடம் பதிக்காத ஏதோ ஒன்று வெளியேறியிருக்கிறது. பொருளோடு மிக அரிதாகவே உறவாடும் நியூட்ரினோக்களும் இப்படியே வெளியேறுவதால், அவற்றின் பங்கைத் துல்லியமாகக் கழித்த பிறகே எஞ்சியதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: 2012-இல் ஹிக்ஸ் துகள் (அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் துகள்) கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு ஹிக்ஸ்கள்?

பதில்: இயற்கையில் ஒரே ஒரு ஹிக்ஸ் இரட்டையம்தான் (ஹிக்ஸ் துகளைத் தரும் புலங்களின் இணை) இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. இரண்டாவது இரட்டையத்தைச் சேர்த்தால், மின்னூட்டமற்ற மூன்றும் மின்னூட்டம் கொண்ட இரண்டுமாக ஐந்து துகள்கள் கிடைக்கும். 1978-இல் இயற்பியலாளர்கள் தேஷ்பாண்டேயும் மாவும் ஆராய்ந்த வடிவத்தில், ஒரு சமச்சீர்மை இரண்டாவது இரட்டையத்தைப் பொருளின் அடிப்படைத் துகள்களான குவார்க்குகளிடமிருந்தும் லெப்டான்களிடமிருந்தும் விலக்கி வைக்கிறது. அதிலுள்ள மிக லேசான துகள் சிதைய வழியின்றி நிலைத்துவிடுகிறது. மின்னூட்டமற்றதாக இருந்தால் அதுவே கரும்பொருளாகலாம்.

என்னை அதிகம் ஈர்ப்பது வேறொரு மாதிரி. அதில் இரண்டு இரட்டையங்களோடு 'ஏ' என்ற சூடோஸ்கேலார் துகள் (சுழற்சியற்ற, கண்ணாடிப் பிம்பத்தில் குறி மாறும் துகள்) ஒன்று சேர்ந்து, கரும்பொருள் இணையாகச் சிதைகிறது. கனமான ஹிக்ஸ் ஒன்று உருவாகி, இசட் போசானாகவும் 'ஏ'யாகவும் பிரியும்போது, இசட் தனித்துப் பாயும் நிகழ்வுகள் பெருகுகின்றன. சூடோஸ்கேலார் வழியாக அணுக்கருவில் மோதும் வாய்ப்பு குறைந்த வேகங்களில் மிகவும் ஒடுங்கிவிடுவதால், கரும்பொருள் அணுக்கருவில் மோதுவதைத் தேடும் நிலத்தடி ஸெனான் கருவிகளுக்கு இது ஏறத்தாழ எட்டாதது. மோதுவியின் இரு பெரிய உணர்கருவிகளை இயக்கும் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் இதை அளவுகோல் மாதிரியாக வைத்திருப்பதில் எனக்கு முழு உடன்பாடு.

கேள்வி: மோதல்கள் கருந்துளையை உருவாக்கி உலகை அழிக்குமா?

பதில்: அழிக்காது. இதைவிட ஆற்றல் மிக்க அண்டக் கதிர்கள் நெடுங்காலமாகப் புவியைத் தாக்கிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: கரும்பொருளுக்குப் பதிலாக ஈர்ப்பு விதியையே திருத்தினால் என்ன?

பதில்: அதை வானியற்பியலாளரிடம் கேளுங்கள், மோதுவித் தரவு அதைத் தீர்மானிக்காது.

கேள்வி: கரும்பொருள் அணுக்கருவில் மோதும் வாய்ப்புக்கு ஹிக்ஸ் சிதைவிலிருந்து பெற்ற வரம்புக் கோடு, நிலத்தடிச் சோதனைகளின் கோட்டுக்குக் கீழே இருப்பதை ஒரு வரைபடத்தில் கண்டேன். மோதுவி வென்றுவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். அட்லஸ் அளந்தது ஒரே ஒன்று: ஹிக்ஸ் காணாத்துகள்களாகச் சிதையும் பங்கு, 95 விழுக்காடு நம்பிக்கையளவில் 10.7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அதை அணுக்கரு மோதலாக மாற்ற, கரும்பொருள் ஹிக்ஸ் வழியாக மட்டுமே உறவாடுகிறது என்று கொள்ள வேண்டும். கரும்பொருளின் சுழற்சி எண்ணை மாற்றினால் கோடே நகரும். மேலும் ஹிக்ஸின் நிறையான 125 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் பாதிக்கு மேற்பட்ட நிறையில் இந்தச் சிதைவே நிகழாது.

கேள்வி (அதே நண்பர்): ஆனால் காணாத்துகளின் நிறையையும் பிணைப்பையும் அளந்து, அண்டத்தில் எஞ்சும் அளவைக் கணக்கிட்டு, அது பிளாங்க் விண்கலம் அளந்த கரும்பொருள் அடர்த்தியான 0.12-ஓடு பொருந்தினால், கரும்பொருளைக் கண்டதாகாதா?

பதில்: சிறந்த வாதம், அப்படியொரு பொருத்தம் கிடைத்தால் நானும் மகிழ்ச்சியில் திளைப்பேன். ஆனாலும் அந்தக் கணக்கு, ஆதி அண்டம் நாம் கருதும் முறையிலேயே குளிர்ந்தது என்பதில் தங்கியிருக்கிறது. நம் துகள் கருவியைக் கடந்து செல்லச் சில பத்து நானோ நொடிகள் உயிர்த்திருந்தாலே போதும். கரும்பொருளோ 1380 கோடி ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை மோதுவியால் மட்டும் நிரப்ப முடியாது. அதே நிறையில் நிலத்தடியிலோ விண்மீன் மண்டலங்களிலோ வேறொரு சான்று வேண்டும்.

கேள்வி: எப்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்?

பதில்: இதே கேள்வி நான்காம் முறை வருகிறது, தேதி சொல்ல இயலாது. திட்ட மாதிரியில் (இன்றைய துகள் இயற்பியல் கோட்பாட்டில்) ஹிக்ஸ் நான்கு நியூட்ரினோக்களாகச் சிதையும் பங்கு சுமார் 0.1 விழுக்காடு மட்டுமே. இன்றைய வரம்புக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ நூறு மடங்கு இடம் இன்னும் தேடப்படாமல் கிடக்கிறது.