வாசகர் கேள்வி-பதில்: அடுக்குமாடி வீட்டில் ஜாக் ரஸல்

கேள்வி: எட்டு மாத ஜாக் ரஸல் டெரியர் வளர்க்கிறோம். மூன்றாவது மாடி. லிஃப்ட் சத்தம் கேட்டாலே குரைக்கிறது. சோபாவைப் பிறாண்டிப் பஞ்சை எடுத்துவிட்டது. காலையும் மாலையும் கால் மணி நேரம் நடத்திக் கூட்டிப்போகிறோம். எதிர் வீட்டார் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். இரண்டு தட்டு தட்டினால் அடங்குமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். அடி வாங்கும் டெரியர் திருப்பிக் கடிக்கக் கற்றுக்கொள்ளும் ஆபத்துதான் அதிகம்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த நாய்களின் வழி வந்தது இந்த இனம். வளைக்குள் பதுங்கிய நரியின் பின்னாலேயே நுழைந்து, கொல்லாமல், குரைத்தே வெளியே விரட்ட வேண்டும். மண்ணுக்கு அடியிலிருந்து வரும் அந்தக் குரைப்பை வைத்துத்தான் மேலே நிற்பவர்கள் எங்கே தோண்டுவதென்று தெரிந்துகொள்வார்கள். குரைப்பும் தோண்டலும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த குணங்கள். அவற்றுக்கு வேறு வடிகால் கொடுத்தால் சோபா தப்பிக்கும்.

கால் மணி நேர நடை இதற்குப் போதவே போதாது. தினம் இரண்டு முறை, அரை மணி முதல் முக்கால் மணி வரை நடக்கட்டும். இழுத்துக்கொண்டு ஓடாமல், மோப்பம் பிடிக்க நிற்கவிடுங்கள். மோப்பம்தான் அதைக் களைக்க வைக்கும். பந்தை ஓயாமல் எறிவது வெறியை ஏற்றிவிடும், வளரும் மூட்டுக்கும் நல்லதல்ல. கப்பன் பூங்காவில் அணில் கண்ணில் பட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. அதனால் ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை) 5 மீட்டர் கயிறும் கட்டாயம்.

காலை உணவைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். பழைய துண்டில் தூவிச் சுருட்டியோ, செருப்புப் பெட்டிக்குள் கசக்கிய காகிதத்தோடு போட்டோ கொடுங்கள், தேடித் தின்னட்டும். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஒரு சாண் உயரம் மணல் நிரப்பி, பொம்மையைப் புதைத்து வையுங்கள். பால்கனிக் கம்பிகளுக்கு வலை அடிப்பது அவசியம்: வளைக்குள் புகுவதற்கென்றே இரண்டு கைகளுக்குள் அடங்கும் மார்போடு வளர்க்கப்பட்ட நாய் இது, குறுகிய இடைவெளியிலும் நுழைந்துவிடும்.

அடுத்தது லிஃப்ட். அது குரைக்கிறது, வந்தவர் தன் வீட்டுக்குப் போய்விடுகிறார். தான் விரட்டியதாக நாய் நினைப்பதால் பழக்கம் இறுகுகிறது. நீங்களும் கத்தினால் துணைக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளும். லிஃப்ட் சத்தத்தை போனில் பதிவு செய்து, மிக மெல்ல ஒலிக்கவிட்டு, உடனே கொண்டைக்கடலை அளவு வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். ஐந்து நிமிடம், தினம் இரண்டு வேளை. அமைதியாக இருந்தால் மட்டும் ஒலியைக் கூட்டுங்கள். குரைத்தால் ஒரு படி இறங்குங்கள். வாரக்கணக்கில் ஆகும். எதிர் வீட்டாரிடம் இதைச் சொல்லிவைத்தால் அவர்களும் பொறுப்பார்கள்.

கேள்வி: சின்ன முடிதானே, கொட்டாது என்றார்கள். வீடெங்கும் வெள்ளை முடி. உணவு எவ்வளவு தரலாம்?
- வாசகர், ஜே.பி. நகர்

பதில்: கொட்டும், ஆண்டு முழுக்க. வாரம் இரண்டு முறை ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதித் தொல்லை தீரும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறளும். மாதம் ஒருமுறை போதும். நடை முடிந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குளில் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உயிரையே பறிக்கும். நன்றாக ஓடியாடும் 6 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 400 கலோரி, உலர் உணவானால் 100 கிராமை ஒட்டி வரும். பயிற்சியின்போது தரும் தீனியும் இந்தக் கணக்கில்தான். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

கேள்வி: ஐந்து வயது ஜாக் ரஸல். நேற்றிலிருந்து ஒரு கண் சிவந்து நீர் வடிகிறது, மூடியே வைத்திருக்கிறது. கடையில் சொட்டு மருந்து வாங்கலாமா?
- வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: வாங்காதீர்கள். இதழ் வரும் வரை காத்திராமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள் என்று உங்களுக்குத் தனியே எழுதியிருக்கிறோம். இந்த இனத்துக்குப் பரம்பரையாக வரும் ஒரு நோயில், லென்ஸைத் தாங்கும் நுண் இழைகள் அறுந்து, லென்ஸ் முன்பக்கம் சரியும். கண்ணுக்குள் நீரோட்டம் அடைபட்டு அழுத்தம் ஏறும். ஓரிரு நாளில் பார்வை போய்விடலாம். பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் வரும். வெறும் கருவிழிப் புண்ணாகவும் இருக்கலாம். அப்போது ஸ்டீராய்டு கலந்த சொட்டு புண்ணை ஆழமாக்கும். கண்ணழுத்தம் அளக்கும் கருவி இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். லென்ஸ் நோய்தான் என்றால் மறு கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், நாளடைவில் அதிலும் வருவதுண்டு. மரபணுப் பரிசோதனை இருக்கிறது; உடன்பிறந்த குட்டிகளை வளர்ப்பவர்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.