மல்லி பட்டுப்போனால் வீட்டுக்கு ஆகாதா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நாலு தொட்டி வைக்கிற அளவுக்குப் பால்கனி. வீட்டுக்கு ராசி என்று மல்லிச் செடி வாங்கி வைத்தேன். இரண்டு தடவையும் இலை ஓரம் கருகிச் செத்துப்போனது. "பூச்செடி பட்டுப்போனால் குடும்பத்துக்கு ஆகாது" என்று மாமியார் தினமும் புலம்புகிறார். கீழ்வீட்டு அக்கா செவ்வரளி வைக்கச் சொல்கிறார், மாமியாரோ அது வீட்டில் கூடாது என்கிறார். நர்சரிக்காரர் பிரம்ம கமலம் வைத்தால் பணம் சேரும் என்று 900 ரூபாய் கேட்கிறார். எதைத்தான் வைப்பது?
- தண்டையார்பேட்டை வாசகி

பதில்: செடிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று எழுதவில்லையே அம்மா. போர் தண்ணீர்தான் என்று பந்தயம் கட்டத் தயார். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று உங்கள் கடலோரம் முழுக்க நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. மல்லி உப்பைத் தாங்காது. இலை நுனியும் ஓரமும்தான் முதலில் கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். காலித் தொட்டியை மாமியாரிடம் காட்டி, அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. குடிதண்ணீர் மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலரும் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மெட்ரோ தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எல்லாம் சரி. பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிவந்து தொட்டியில் கலக்காதீர்கள். கலக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அரளி விஷயத்தில் அக்கா சொல்வதும் சரி, மாமியார் சொல்வதும் சரி. உப்புக்காற்று, வெயில், வறட்சி எதற்கும் அசராத செடி அது. நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக நட்டிருப்பது சும்மா இல்லை. சிவனுக்கும் அம்மனுக்கும் உகந்த பூ. ஆனால் இலை, பூ, தண்டு, பால் என்று உடம்பு முழுக்க விஷம், இதயத்தைத் தாக்கக்கூடியது. வீட்டு வாசலில் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். கைக்குழந்தையோ கண்டதைக் கடிக்கிற வயதுப் பிள்ளையோ வீட்டில் இருந்தால் மாமியார் பேச்சைக் கேளுங்கள்.

பிரம்ம கமலத்துக்கு 900 ரூபாய் கொடுக்காதீர்கள். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் பூப்பது, உத்தராகண்ட் மாநிலத்தின் பூ. சென்னை வெயிலில் அது பிழைக்கவே பிழைக்காது. இங்கே அந்தப் பெயரில் விற்பது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த ஒரு கள்ளி வகை. இரவில் விரிந்து விடிவதற்குள் வாடிவிடும். வாசனையும் அழகும் அபாரம், தெருவையே கூப்பிட்டுக் காட்டலாம். ஆனால் அதன் தட்டையான இலையில் ஒரு துண்டைச் செருகினாலே வேர்விடும். வைத்திருப்பவர்களிடம் ஓர் இலை கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். பூக்க இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம், அதற்குப் பொறுமை வேண்டும்.

உங்கள் பால்கனிக்கு நான் சொல்வது சங்குப்பூவும் நந்தியாவட்டையும். சங்குப்பூ விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டு, கிரில் கம்பியில் ஏற்றிவிட்டால் இரண்டு மாதத்தில் நீலமாகப் பூத்துத் தள்ளும். சிவன், பெருமாள், சனீஸ்வரன் என்று எல்லாருக்கும் போடுகிறார்கள், மாமியாரும் மறுக்க வழியில்லை. நந்தியாவட்டை பாதி நிழலிலும் வருஷம் முழுக்கப் பூக்கும். போர் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் நித்தியகல்யாணி. கடற்கரை மணலிலேயே தானாக முளைக்கிற செடி. சுடுகாட்டுப் பூ என்று சிலர் ஒதுக்குவார்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் மருந்து அந்தச் செடியிலிருந்துதான் வந்தது என்று அவர்களிடம் சொல்லுங்கள். அதற்காக இலையைப் பறித்து வாயில் போட்டுவிடாதீர்கள், அதுவும் விஷம்தான்.

மாமியாருக்கு ராசியான மரத்தையே பார்க்க வேண்டுமானால் திருவொற்றியூர் பக்கம்தானே, ஒருநாள் தியாகராஜர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த கதை அங்குள்ள மகிழ மரத்தடியில்தான் நடக்கிறது. உதிர்ந்த மகிழம்பூவை எடுத்துவந்து வைத்தால் காய்ந்த பிறகும் மணக்கும். மரத்தைத் தொட்டியில் வளர்க்கிற ஆசை மட்டும் வேண்டாம்.

மல்லி ஆசை விடவில்லை அல்லவா? ஐப்பசி மழை ஆரம்பிக்கும்போது புதுச்செடி வாங்கி, செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து, மழை நேராக விழுகிற இடத்தில் வையுங்கள். மண்ணில் இருக்கிற உப்பை மழையே கழுவிவிடும். நன்றாக வேர்பிடித்த பிறகு, அடுத்த வருஷத்திலிருந்து நவம்பர் கடைசியில் பாதிக்கு வெட்டிவிட்டால் கோடையில் மொட்டு வைக்கும். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழாத பால்கனி என்றால் மூன்றாவது செடிக்கும் காசைச் செலவழிக்காதீர்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள். கொசுப்புழு தேடி வருகிற மாநகராட்சி ஆட்கள் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். செடி வாங்குவதற்கு முன் வீட்டு ஓனரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.