வங்கி டீலிங் ரூமில் வேலைக்குச் சேர: கேள்வி பதில்

மும்பையில் ஒரு பெரிய வங்கியின் டிரெஷரியில், அதாவது டாலரும் பத்திரமும் வாங்கி விற்கும் பிரிவில், இருக்கிறேன். முதலில் கம்பெனிகளுக்கு ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) விற்கும் சேல்ஸ் டெஸ்க், இப்போது அரசுப் பத்திரங்கள். இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருச்சி, பொறியியல் மூன்றாம் ஆண்டு: அக்கா, ரெண்டு வருஷமா நிஃப்டி ஆப்ஷன் டிரேட் பண்றேன். இன்டர்வியூல அதைச் சொன்னா உதவுமா?

சொல்லலாம் தம்பி, ஆனால் எவ்வளவு லாபம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஏன் வாங்கினாய், எங்கே வெளியேறுவது என்று முன்பே முடிவு செய்திருந்தாயா என்றுதான் கேட்பார்கள். உன் பணத்தில் டிரேட் செய்வதும் வங்கி டீலர் வேலையும் வேறு வேறு. ஒரு இறக்குமதியாளருக்கு 10 லட்சம் டாலர் வேண்டும் என்று கால் வரும். சில நொடிகளில் நீ விலை சொல்ல வேண்டும். விற்ற அந்த டாலரைச் சந்தையில் திரும்ப வாங்கும்வரை ரிஸ்க் உன்னுடையது. ஒரு பைசா நகர்ந்தால் 10,000 ரூபாய். பகலில் எவ்வளவு பொசிஷன் (வாங்கியோ விற்றோ இன்னும் நேர்செய்யாத தொகை) வைக்கலாம், இரவு எவ்வளவு, எவ்வளவு நஷ்டத்தில் நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் லிமிட் உண்டு. லிமிட்டை மீறிச் சம்பாதித்த லாபத்துக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

சென்னை, எம்.பி.ஏ. முதலாண்டு: சேல்ஸ் என்றால் மார்க்கெட்டிங் மாதிரிதானே? டிரேடிங் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர்கள் டீலிங் ரூமைப் பார்த்திருக்க மாட்டார்கள். டிரேடர் விலையைப் பார்த்துக்கொள்கிறார். சேல்ஸ் டீலர் வாடிக்கையாளரின் தொழிலையும் விலையையும் சேர்த்துப் பார்க்கிறார். திருப்பூரில் ஒருவர் மூன்று மாதத்தில் டாலர் வரும் என்று எதிர்பார்க்கிறார். நூல், கூலி எல்லாம் ரூபாயில் போகிறது. அந்த டாலரை இன்றே ஃபார்வர்டில், அதாவது இப்போதே விலை பேசி மூன்று மாதம் கழித்துக் கொடுப்பதாக, விற்றுவிட்டால் அவருக்கு விலை உறுதி. ஆனால் ஆர்டர் ரத்தானால்? பாதியை மட்டும் விற்பதா? இதை அவரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்தான் நல்ல சேல்ஸ் டீலர்.

இதைத் தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் திருப்பூர்தான். 2007-ல் டாலர் 44 ரூபாயிலிருந்து 39 வரை இறங்கியது. ஏற்றுமதியாளர்கள் தவித்துப்போனார்கள். அந்த நேரத்தில் பல வங்கிகள் அவர்களிடம் ஸ்விஸ் ஃபிராங்க், யென் சார்ந்த சிக்கலான ஆப்ஷன்களை (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) விற்றன. கையிலிருந்து காசு எதுவும் போடவேண்டாம் என்பதுதான் ஈர்ப்பு. ஆப்ஷனுக்கான விலையான பிரீமியத்தைக் கட்டாததற்குக் காரணம், வாடிக்கையாளரே வங்கிக்கு ஆப்ஷன் விற்றிருந்தார் என்பது. குறிப்பிட்ட எல்லையை விலை தொடாதவரை லாபம், தொட்டால் பெரிய நஷ்டம். ஃபிராங்கில் ஒரு ரூபாய்கூட வரவு செலவு இல்லாத பனியன் கம்பெனிக்கு ஃபிராங்க் ஆப்ஷன் எதற்கு? 2008-ல் ஃபிராங்க் ஏறியபோது கணக்கு வெளியே வந்தது. பலர் நீதிமன்றம் போனார்கள். டெரிவேடிவ் (ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்கள்) விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது.

சேல்ஸ் டெஸ்க்கில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் இதை முழுதாகச் சொல்வேன். எதிரே இருப்பவரின் வரவும் செலவும் எந்தக் கரன்சியில் என்று தெரியாமல் எதையும் விற்கக் கூடாது. டார்கெட் அழுத்தம் வரும்போது இதில் உறுதியாக நிற்பது சிரமம், ஆனாலும் நிற்க வேண்டும்.

மதுரை அருகே, அரசு வங்கிக் கிளை அதிகாரி: மேடம், கிளையிலிருந்து டிரெஷரிக்கு வர வழி உண்டா?

நிச்சயமாக உண்டு சார். ஃபாரெக்ஸ் வேலை நடக்கும் கிளைக்கு மாற்றல் கேளுங்கள். ஏற்றுமதி பில், எல்.சி. (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்), பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் தரும் கடன்) தெரிந்த டீலருக்கு மதிப்பு அதிகம். வங்கி ஊழியர்களுக்குத் தேர்வு நடத்தும் அமைப்பான ஐ.ஐ.பி.எஃப்.-இன் டிரெஷரி டிப்ளமோவை முடியுங்கள். டிரெஷரிக்கு ஆள் கேட்டு உள் சுற்றறிக்கை வரும்போது அது பேசும். மும்பைக்கு மாறத் தயார் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

கோவை, பி.காம்.: ஐ.ஐ.எம். படித்தால்தான் உண்டா?

வெளிநாட்டு வங்கிகளும் பெரிய தனியார் வங்கிகளும் டெஸ்க்குக்கு நேரடியாக எடுப்பது பெரும்பாலும் அங்கேதான். கோடைக்கால இன்டர்ன்ஷிப்பில் பிடித்துப்போனால் வேலையும் அங்கேயே முடிவாகிவிடும். சி.ஏ. முடித்தவர்களும் வருகிறார்கள். கதவு குறுகலானதுதான், மறைக்க விரும்பவில்லை.

அதே கோவை நண்பர்: இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

நேற்று பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் யீல்டு (இன்றைய விலையில் வாங்கினால் கிடைக்கும் ஆண்டு வருமான விகிதம்) எங்கே முடிந்தது, ஏன்? இதில் தடுமாறினால் மற்றதெல்லாம் வீண். அடுத்து, யீல்டு ஒரு பேசிஸ் பாயிண்ட் (ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறினால் விலை எவ்வளவு இறங்கும்? பத்தாண்டுப் பத்திரத்தில் நூறு ரூபாய்க்குச் சுமார் 7 பைசா. சந்தையின் வழக்கமான லாட் (ஒரு டீலின் அளவு) 5 கோடி; அதில் ஏறக்குறைய 35,000 ரூபாய். காகிதம் இல்லாமல் சொல்லப் பழகுங்கள்.

பிறகு ஃபார்வர்ட். மூன்று மாத ஃபார்வர்டில் டாலர் இன்றைய விலையைவிட அதிகமாக இருந்தால், சந்தை டாலர் ஏறும் என்று நினைக்கிறதா என்பார்கள். இல்லை. நம் நாட்டு வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகம், அந்த வித்தியாசம்தான் ஃபார்வர்டில் கூடுதல் விலையாக (இதையும் பிரீமியம் என்போம்) வருகிறது. இதைக் கணிப்பு என்று சொல்லி வாய்ப்பை இழந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

சென்னை, சி.ஏ., இரண்டு வயதுக் குழந்தையின் தாய்: அக்கா, வேலை நேரம் எப்படி?

சந்தை திறப்பது காலை 9 மணி. எட்டு மணிக்கு முன்னால் இருக்கையில் இருப்போம், இரவு அமெரிக்காவில் என்ன நடந்தது என்று படிக்க. ரிசர்வ் வங்கி பாலிசி அறிவிக்கும் நாளும் பத்திர ஏலம் நடக்கும் நாளும் பரபரப்பானவை. அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு நம் நேரத்துக்கு மாலை 6 மணிக்கு, குளிர்காலத்தில் 7 மணிக்கு வரும். அன்று வீட்டுக்குப் போகத் தாமதமாகும். மற்ற நாட்களில் சந்தை முடிந்து கணக்கு ஒத்துப்போனால் கிளம்பிவிடலாம். மெர்ஜர் (கம்பெனி இணைப்பு) வேலை பார்ப்பவர்கள் போல நள்ளிரவு வரை உட்கார வேண்டியதில்லை. டீலர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் போக வேண்டும். மோசடியைக் கண்டுபிடிக்க வந்த விதி, குழந்தையோடு இருக்கவும் நேரம் தருகிறது. தயங்காமல் வாருங்கள்.

பெங்களூரு, ஐ.டி. ஊழியர், வயது 31: எல்லாம் கம்ப்யூட்டர் செய்கிற காலத்தில் டீலர் தேவையா?

அரசுப் பத்திரச் சந்தை 2005-லேயே என்.டி.எஸ்-ஓ.எம். என்ற கம்ப்யூட்டர் வர்த்தகத் திரைக்கு மாறிவிட்டது. புரோக்கர்களின் போன் சத்தம் அதிலிருந்து குறைந்தது. சின்ன டாலர் டீல்களுக்கு இப்போது மெஷினே விலை சொல்கிறது. ஆனால் பெரிய தொகை, அதிகம் கைமாறாத பத்திரம், சிக்கலான ஹெட்ஜ் (விலை ஏற்ற இறக்கத்திலிருந்து காப்பு) இவற்றுக்கு ஆள் வேண்டும். உங்கள் வயதில் நேராக டெஸ்க் கிடைப்பது கடினம். பைத்தான், எஸ்.க்யூ.எல். தெரிந்தால் மிடில் ஆபீஸ் (டீலர்களின் ரிஸ்க்கையும் லாப நஷ்டத்தையும் கண்காணிக்கும் பிரிவு) அல்லது விலை நிர்ணய சிஸ்டம் பக்கம் முயலுங்கள். அங்கே லாப நஷ்ட அறிக்கையைத் தினமும் டீலரிடம் விளக்குவதுதான் வேலை. ஓரிரு ஆண்டில் டெஸ்க்கின் எல்லாப் பொசிஷனும் உங்களுக்கு அத்துப்படியாகிவிடும். இடம் காலியாகும்போது கேளுங்கள். அப்படி வந்தவர்களில் இருவர் இப்போது என் டீமில்தான் இருக்கிறார்கள்.