சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் பிடித்த அட்வான்ஸ் திரும்ப வருமா?

கேள்வி: அப்பாவின் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காகப் போன மாதம் குடும்பமாகச் சென்னை வந்தோம். ஆயிரம்விளக்குப் பகுதியில் இரண்டு படுக்கையறை சர்வீஸ் அபார்ட்மென்ட், நாளுக்கு 4,200 ரூபாய், 12 நாள் தங்கினோம். முன்பணம் 10,000 வாங்கிக்கொண்டார்கள். விளம்பரப் படத்தில் கேஸ் அடுப்பு, மிக்ஸி, பாத்திரம் எல்லாம் இருந்தன. போய்ப் பார்த்தால் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் இரண்டு பாத்திரமும்தான். காலி செய்யும்போது சோபா கிழிந்திருக்கிறது, சுவரில் எண்ணெய்க் கறை என்று 7,000 பிடித்துவிட்டார்கள். பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ஊருக்கு வந்துவிட்டோம். இனி என்ன செய்ய முடியும்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அட்வான்ஸைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முதலில் அந்த ஜி.எஸ்.டி. வரியைப் பாருங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மிகாத தங்குமிடங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். 18 சதவீதம் அதற்கு மேல் வாடகை உள்ளவற்றுக்கு. உங்கள் வாடகை 50,400. அதற்கு 2,520 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 9,072 வாங்கியிருக்கிறார்கள். 6,552 ரூபாய் கூடுதல். பிடித்த அட்வான்ஸுக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை!

பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதிவே இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு சரியாக இருந்தால், பில்லைத் திருத்தி மீதியைத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து அட்வான்ஸ். சேதம் என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். நீங்கள் நுழைந்த அன்று சோபா எப்படி இருந்தது, காலி செய்த அன்று எப்படி இருந்தது, தைத்துச் சரிசெய்ய என்ன செலவானது, ரசீது எங்கே? இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த துணிக்கு வாடகைக்கு வந்தவர் பணம் கட்ட வேண்டியதில்லை. முதல் நாள் வீட்டுக்குப் பேசிய வீடியோ காலில் எடுத்த படமோ, அப்பா சோபாவில் உட்கார்ந்திருக்கும் போட்டோவோ உங்கள் யார் போனிலாவது இருக்கலாம். தேடிப் பாருங்கள், அதுவும் ஆதாரம்தான்.

சமையலறை விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். அறுவை சிகிச்சை முடிந்தவருக்குக் கஞ்சியும் ரசமும் வைத்துக் கொடுக்கத்தானே ஓட்டலை விட்டுவிட்டு இங்கே வந்தீர்கள்? படத்தில் காட்டியதைத் தராதது சேவைக் குறைபாடு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அங்கே இருந்த நாட்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பியிருந்தால் உங்கள் வழக்கு பலமாக இருக்கும். மருத்துவமனை அலைச்சலில் அது முடியாமல் போயிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்குப் படம் மாறிவிடலாம். வெளியில் சாப்பாடு வாங்கிய பில்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

புகார் கொடுக்கச் சென்னைக்கு வர வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம், ஜி.எஸ்.டி. புகாரையும் எடுத்துக்கொள்கிறார்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ், அதற்கும் மசியாவிட்டால் திருநெல்வேலி ஆணையத்தில் மனு. நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தங்கை திருமணத்துக்காக எட்டுப் பேர் சென்னையில் ஒரு வாரம் சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் தங்கப் போகிறோம். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் குடும்பமும் வருகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மொத்தத் தொகையை வரியோடு சேர்த்து ஒரே எண்ணாக எழுதி வாங்குங்கள். சில இடங்களில் ஏ.சி. மின்சாரத்துக்கு மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குகிறார்கள், கூடுதல் மெத்தைக்கும் தனிக் கணக்கு. வயதானவர்கள் வந்தால் லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். கேஸா இண்டக்‌ஷனா, அசைவம் சமைக்கலாமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அட்வான்ஸை எத்தனை நாளில், எந்த வழியில் திருப்பித் தருவார்கள் என்பது வாட்ஸ்அப்பிலாவது இருக்கட்டும். சாவி வாங்கியதும் அறை அறையாக ஒரு வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

அண்ணன் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் பாஸ்போர்ட், விசா நகல் கேட்பார்கள். வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிப்பது தங்குமிடத்தின் கடமை. அந்த நகலே வேண்டாம் என்று சொல்லும் இடம் என்றால், வேறு இடம் பாருங்கள்.